வெட்டு மெஷினுக்குப் பிறகு என்ன வேலை? வாசகர் கேள்வி – பதில்

"உங்கள் தொழிலில் எந்தக் கைவேலையை மெஷின் எடுத்துக்கொண்டது?" என்று மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வயலிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் தறிக்குழியிலிருந்தும் கடிதங்கள் வந்தன. விவசாய இயந்திரம், மின்சாரம், தொழிற்சட்டம் தெரிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

மண்டூர், வயல் கூலித் தொழிலாளி: நாங்கள் பதினைந்து பெண்கள் ஒரு செட்டாக வேளாண்மை வெட்டப் போய் வந்தோம். இப்போது தண்ணி நின்று மெஷின் இறங்காத வட்டைக்கு (வயல்வெளிக்கு) மட்டும்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். அந்த வேலை திரும்பி வருமா? வராதென்றால் நாங்கள் எதைப் பிடிப்பது?

பெரிய வட்டைகளில் அந்த வேலை திரும்பாது, அக்கா. ஆறுதலுக்காக வேறு மாதிரிச் சொல்ல மனம் வரவில்லை. கணக்கைப் பாருங்கள். பயிரை வெட்டி, அடித்து, தூற்றி நெல்லாகத் தரும் இந்த வெட்டு மெஷின் ஏறத்தாழ 2 மீற்றர் அகலத்துக்கு வெட்டுகிறது. மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் போனால், திரும்புவது, நெல் கொட்டுவது, வரம்பு தாண்டுவது என்று மூன்றில் ஒரு பங்கு நேரம் வீணாகினாலும் மணிக்கு ஒரு ஏக்கர் முடிந்துவிடும். அதையே கையால் வெட்டுவதற்கு மட்டும் 6 முதல் 10 ஆள்நாள் தேவை. பிறகு உப்பட்டி (வெட்டிப் போட்ட கதிர்ப்பிடிகள்) சேர்த்து, களவெட்டிக்கு (நெல்லடிக்கும் களத்துக்கு)ச் சுமந்து, சூடு (கதிர்ப் போர்) வைத்து, அடித்து, தூற்ற வேண்டும். கூலி மட்டும் காரணமில்லை. பெரும்போக வெட்டு தை, மாசியில் வருகிறது. ஒரு கிழமை மழை பிடித்தால் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிடும். காலையில் நின்ற பயிரைப் பின்னேரம் மூடையில் பார்த்துவிட வேண்டும் என்ற பயம்தான் வயற்காரரை மெஷின் பக்கம் தள்ளியது.

ஆனால் அந்த அவசரமே ஒரு புதிய வேலையை உண்டாக்கியிருக்கிறது. அதைச் சரியாகச் செய்ய ஆளில்லாமல் இருக்கிறது. கையால் வெட்டிய காலத்தில் கதிர் வயலில் கிடந்தும் சூட்டில் இருந்தும் பாதி காய்ந்த பிறகே நெல்லானது. மெஷின் நெல்லோ 20 முதல் 24 சதவீத ஈரத்தோடு மூடைக்குள் விழுகிறது. அதை அப்படியே ஓர் இரவு கட்டி வைத்தால் உள்ளே சூடேறும். அரிசி மஞ்சளாகும், மணம் மாறும், ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். வைத்திருந்து விற்க வேண்டுமானால் 14 சதவீதத்துக்குக் காய வைத்தே ஆக வேண்டும்.

காயவைப்பதை ஒரு சேவையாக, மூடைக்கு இவ்வளவு என்று பேசிச் செய்யலாம். 1,000 கிலோ நெல்லை 3 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்ப ஏறத்தாழ 60 சதுர மீற்றர் இடம் வேண்டும். தடிப்பு அதைவிடக் கூடினால் அடி நெல் காயாது. மிக மெல்லியதாகப் பரப்பினால் வெயிலில் மணி வெடித்து, குற்றும்போது குறுணலாகும். அரை மணிக்கு ஒரு தடவை கிளற வேண்டும். கொதிக்கிற மத்தியானத்தில் சீமெந்துத் தளத்தில் கிடக்கும் நெல் 50 பாகை செல்சியசைத் தாண்டினால் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். விதைநெல் என்றால் 43 பாகைக்கு மேல் போகவே கூடாது. றோட்டில் காயப் போடுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. கல்லும் சேரும், டயர் ஏறி நெல்லும் உடையும், போகிறவர்களுக்கும் ஆபத்து. தடித்த படங்கு (தார்ப்பாய்) வாங்கினால் இரண்டு போகத்துக்குள் செலவு தேறும்.

ஈரமானி வாங்கும் வரைக்கும் ஒரு கைமுறை இருக்கிறது. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி உலர்ந்த தூள் உப்பைப் போட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு நெல் போட்டு, ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் கிட்ட வந்துவிட்டது. இது துல்லியமான அளவு இல்லை; ஆலைக்குக் கொண்டுபோகும் முன் மானியால் பார்ப்பதே நல்லது.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். 22 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நிறுத்த நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்ததும் ஏறத்தாழ 907 கிலோதான் இருக்கும். குறைந்த 93 கிலோவும் தண்ணீர். இதை வயற்காரருக்கு முதலிலேயே விளங்கப்படுத்தாவிட்டால் நெல் களவு போனதாகப் பழி உங்கள் தலையில் விழும். வரும்போதும் போகும்போதும் நிறுத்து, இருவரும் பார்க்கக் கொப்பியில் எழுதுங்கள்.

காயவைப்பதோடு களைநெல் (பயிருக்குள் களையாக முளைக்கும் நெல்) பிடுங்குவதையும் சேர்த்துப் பேசலாம். ஒரு வயலின் களைநெல் மெஷினுக்குள் தங்கி அடுத்த வயலில் விழுவதால் அந்தக் கரைச்சல் கூடியிருக்கிறது. கதிர் வந்ததும், மணி உதிர முன்னரே, உயரமாகவும் வாலோடும் தெரிகிறவற்றைத் தெரிந்து பிடுங்க வேண்டும். எந்த மெஷினும் இன்னும் இங்கே அதைச் செய்வதில்லை. விதைநெல் போடுகிறவர்கள் இதற்குக் காசு கொடுப்பார்கள்.

இந்த இரண்டும் பதினைந்து பேருக்கும் முழுப் போகத்துக்கும் போதாது. அதனால்தான் பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் ஒரு குழுவாகப் பதிந்து, காயவைக்கும் தளத்தையும் படங்கையும் பொதுவில் கேளுங்கள் என்கிறோம். தனியாகக் கேட்டால் கிடைக்காது.

பட்டிப்பளை, வயற்காரர்: வெட்டு மெஷின் போன பிறகு வயலில் நெல் முளைத்துப் பச்சையாகக் கிடக்கிறது. "எல்லா மெஷினும் கொஞ்சம் சிந்தும்தான்" என்கிறார் டிரைவர். எவ்வளவு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணிப் பார்க்கலாம், ஐயா. கட்டுக்கம்பியை வளைத்து ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம் செய்யுங்கள். வெட்டாத பயிருக்குள் வைத்து, தானாக உதிர்ந்து கிடக்கும் மணிகளை முதலில் எண்ணுங்கள். மெஷின் போன பிறகு அது போன அகலத்துக்குள் பக்கத்தில் பக்கமாக இரண்டு தடவை வைத்து, வைக்கோலை உதறி எண்ணுங்கள். பின்னால் நெல் விழுவது நடுவில்தான் கூட என்பதால் ஒரு பக்கம் மட்டும் எண்ணினால் பிழைக்கும். நாலைந்து இடத்தில் இப்படிச் செய்து சராசரி எடுத்து, முதல் எண்ணியதைக் கழியுங்கள். நம் பக்கத்து நெல்லில் 40 மணி ஏறத்தாழ ஒரு கிராம். சதுர மீற்றருக்கு ஒரு கிராம் என்றால் ஏக்கருக்கு 4 கிலோ. ஆகவே சதுர மீற்றருக்கு 280 மணி கிடந்தால் ஏக்கருக்கு 28 கிலோ போயிருக்கிறது. 2,000 கிலோ விளையும் ஏக்கரில் 60 கிலோ, அதாவது 3 சதவீதம் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் என்றால் மெஷினை நிறுத்திப் பேச உங்களுக்கு உரிமை உண்டு.

எதைச் சரிசெய்யச் சொல்வது என்பதும் கிடக்கும் நெல்லிலேயே தெரியும். வைக்கோலில் கதிரோடு ஒட்டியபடியே மணி இருந்தால் டிரம் (கதிரடிக்கும் உருளை) சரியாக அடிக்கவில்லை. பயிர் ஈரமாக இருக்கும், அல்லது பல் தேய்ந்திருக்கும். மணி தனியாகப் பதரோடு சேர்ந்து பின்னால் விழுந்தால் காற்று கூட, அல்லது டிரைவர் வேகமாக ஓடிச் சல்லடையில் அளவுக்கு மீறி ஏற்றுகிறார். முன்னாலே, வெட்டும் இடத்திலேயே உதிர்ந்தால் ரீல் (பயிரைக் கத்திக்கு வளைத்துக் கொடுக்கும் சுழலி) வேகமாகச் சுற்றுகிறது, இல்லாவிட்டால் நீங்கள் வெட்டப் பிந்திவிட்டீர்கள். மூடைக்குள் உமி கழன்ற, உடைந்த மணி தெரிந்தால் டிரம் வேகம் கூட.

பெரும்பாலும் பிழை வேகத்தில்தான். மணித்தியாலக் கூலி என்றால் மெதுவாகப் போகவும், ஏக்கர் கூலி என்றால் பறக்கவும் டிரைவருக்கு ஆசை வரும். கூலி பேசும்போதே எண்ணிப் பார்ப்பேன் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பங்குக்கு, மணியில் 80 முதல் 85 சதவீதம் பழுத்ததும் வெட்டுங்கள். அதற்கு 10 நாள் முன்னரே வயலின் தண்ணீரை வடித்துவிடுங்கள். சேற்றில் புதையும் மெஷின் சமநிலையில் நிற்காது; சல்லடை ஒரு பக்கம் சாய்ந்தால் நெல் முழுவதும் அந்தப் பக்கம் ஒதுங்கி வெளியே போகும்.

திருக்கோவில், 22 வயது: வெட்டு மெஷின் டிரைவராகப் பழகலாமா, மெக்கானிக்காகவா?

இரண்டையும் பழகுங்கள் தம்பி, ஆனால் மெக்கானிக் வேலையை நம்புங்கள். டிரைவருக்குப் பெரும்போகத்தில் சில கிழமை, சிறுபோகத்தில் சில கிழமைதான் ஓட்டம். அதையும் நீட்ட வேண்டுமானால் வெட்டு எங்கே தொடங்குகிறதோ அந்த மாவட்டத்துக்கெல்லாம் மெஷினோடு போக வேண்டும். மெக்கானிக்குக்கு வெட்டு இல்லாத மாதங்களில்தான் உண்மையான வேலை.

வயலில் மெஷினை நிறுத்தும் பிழைகள் சிலதான், அவையே திரும்பத் திரும்ப வரும். முதலாவது, சூடேறுதல். சிறுபோக வெட்டில் தூசியும் பதரும் றேடியேற்றர் வலையை மூடிவிடும். தண்ணீர் குறைந்ததாக நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வலையை ஒரு நாளில் பல தடவை தட்டித் துடைக்க வேண்டும், காற்று வடிகட்டியையும் பார்க்க வேண்டும். வடிகட்டியை அழுத்தக் காற்றால் ஊதும்போது உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் தூசி தாளுக்குள் ஏறிவிடும். இரண்டாவது, ஈர வைக்கோல் டிரம்மில் சுற்றி அடைப்பது. அடைத்ததும் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்ட பிறகே கை வைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது கையையோ காலையோ விட்டவர்கள் அதை இழந்திருக்கிறார்கள். பெல்ட் இழுபட்டுத் தளர்வது, சங்கிலி நீள்வது, கத்தி மழுங்குவது, றப்பர் செயின் (மெஷின் சில்லுக்குப் பதிலாக ஓடும் பட்டி) தளர்ந்து கழல்வது எல்லாம் காலையில் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தால் முன்கூட்டியே தெரிபவை.

மின்பக்கம் பலரும் பயப்படுகிற இடம், அதில்தான் காசு இருக்கிறது. ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். சென்சர் பழுது என்று மாற்றப்படுகிறவற்றில் பல உண்மையில் பழுதில்லை. எலி கடித்த வயரும் துருவேறிய எர்த் முனையும்தான் காரணம். புதிய சென்சருக்குக் காசு செலவழிக்க முன்னர் பற்றரியின் மறைமுனைக்கும் மெஷின் உடம்புக்கும் இடையில் மின்னழுத்தம் விழுகிறதா என்று பாருங்கள். போகம் முடிந்து கொட்டிலில் விடும்போது உள்ளே கிடக்கும் நெல்லையும் வைக்கோலையும் ஒரு பிடி இல்லாமல் எடுத்துவிட்டால் எலி வராது. அதை ஒரு சேவையாகவே விற்கலாம்: கழுவி, கிறீஸ் அடித்து, பெல்ட்டைத் தளர்த்தி, பற்றரியைக் கழற்றிக் கொடுப்பது.

சான்றிதழுக்கு மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அம்பாறையில் ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கராஜில் ஏற்கெனவே சில வருடம் வேலை செய்திருந்தால் படிப்பை முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிடம், வேலையில் கற்றதை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்றகைமை தரும்படி விண்ணப்பிக்கலாம். வேலை செய்த படங்கள், பற்றுச்சீட்டு, முதலாளியின் கடிதம் எல்லாவற்றையும் இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.

கிரான், நான்கு நண்பர்கள்: மருந்தடிக்கும் ட்ரோன் வாங்க யோசிக்கிறோம். லாபம் வருமா?

தோளில் 16 லீற்றர் டாங்கியைச் சுமந்து ஏக்கருக்கு எட்டு டாங்கி அடிக்கிறவர் நஞ்சுப் புகைக்குள் நடக்கிறார். அந்த வேலை போவதில் எங்களுக்கு வருத்தமில்லை. ட்ரோன் அதே ஏக்கருக்கு 8 முதல் 10 லீற்றரில் முடிக்கிறது. தண்ணீர் இப்படிக் குறையும்போது கரைசல் கடுமையாகிறது. ஆகவே காற்றில் அடிபட்டுப் பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் விழுந்தால் சேதமும் கடுமையாக இருக்கும். காலை காற்று எழும்ப முன்னர், பயிருக்கு 2 முதல் 3 மீற்றர் மேலே பறக்க வேண்டும். களைநாசினியை ட்ரோனில் அடிக்கக் கொஞ்ச காலம் வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். முதலில் பூச்சிக்கும் பசளைக்கும் பழகுங்கள்.

கணக்கில் பலரும் பிழைவிடுவது பற்றரியில். ஒரு பற்றரி பத்து நிமிடம் வரைதான் பறக்கும். வயலில் தொடர்ந்து வேலை நடக்க மூன்று நான்கு பற்றரியும், சார்ஜ் ஏற்ற ஜெனரேற்றரும், அதற்கு எரிபொருளும் வேண்டும். பற்றரி தேயும் பொருள். அதன் விலையை ட்ரோன் விலையோடு சேர்க்காமல் ஏக்கர் செலவோடு சேர்த்துப் பாருங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதியாமல் பறக்க விடாதீர்கள்.

சம்மாந்துறை, அரிசி ஆலைத் தொழிலாளி: ஒன்பது வருடமாக ஓர் ஆலையில் கறுப்பரிசி, கல் பொறுக்கும் வேலை. இப்போது கலர் சோட்டர் (நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் மெஷின்) பூட்டியிருக்கிறார்கள். "வாற மாதத்தோடு வேலை இல்லை, ஒரு கடிதத்தில் கையெழுத்து வையுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

சகோதரி, முதலாவது: எந்தக் கடிதத்திலும் இப்போது கையெழுத்து வைக்க வேண்டாம். "சுயவிருப்பில் விலகுகிறேன்" என்று அதில் இருந்தால் கீழே சொல்லும் உரிமைகளில் பெரும்பகுதியை அந்த ஒரு கையெழுத்திலேயே இழந்துவிடுவீர்கள்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த இரண்டே வழிதான். ஒன்று அவருடைய எழுத்துமூலச் சம்மதம், மற்றது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. மெஷின் வந்தது என்பது ஒழுக்காற்றுக் காரணம் ஆகாது. ஆணையாளர் அனுமதித்தாலும் நட்டஈட்டோடுதான் அனுமதிப்பார். அதற்கான சூத்திரத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 2.5 மாதச் சம்பளம், ஆறாம் வருடத்திலிருந்து பதினான்காம் வருடம் வரை வருடத்துக்கு 2 மாதம். உங்கள் ஒன்பது வருடத்துக்கு 12.5, அதோடு 8, மொத்தம் 20.5 மாதச் சம்பளம் வருகிறது. மொத்தத் தொகைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. உங்கள் சம்பளத்துக்கு அது தடையாகுமா என்பதைத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

பணிக்கொடை (வேலை முடியும்போது சேவைக்காகத் தரும் தொகை) இதிலிருந்து வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளாவது 15 பேர் வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு அது உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட்கூலிக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. நீங்கள் நாட்கூலி என்றால் 126 நாள் கூலி, வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3. நாட்கூலி என்பதால் இவை இல்லை என்று சொன்னால் அது பிழை.

ஆலையில் 15 பேர் இல்லை என்றால் மேலே சொன்ன இரண்டு சட்டமும் பொருந்தாது. அப்போதும் சேமலாப நிதி உண்டு. தொழில் நியாய சபைக்கும் போகலாம். எந்த வழியானாலும் நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். வரவுப் புத்தகத்தின் படம், சம்பளத் துண்டு, கூட வேலை செய்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் இன்றே சேருங்கள். பிறகு ஆலைக்குள் போக விடமாட்டார்கள்.

இரண்டாவது, அந்த மெஷினைப் பற்றி. அரிசி ஒரு சரிவான தகட்டில் ஒற்றை வரிசையாக வழுக்கி விழும்; இரண்டு பக்கமும் கமெரா பார்க்கும்; கறுப்போ மஞ்சளோ தெரிந்தால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஒரு சிறு வால்வு திறந்து காற்றால் அந்த மணியை மட்டும் தட்டிவிடும். வெள்ளைக் கல்லை அது நம்பிக்கையாகப் பிடிக்காது. கல்லை எடை வித்தியாசத்தால் பிரிக்க வேறு மெஷின் வேண்டும். இது ஓடுவதற்குக் காய்ந்த, எண்ணெய் இல்லாத அழுத்தக் காற்று அவசியம். கொம்பிரசரிலிருந்து தண்ணீர் சேர்ந்து வந்தால் தவிட்டுத் தூள் பசையாகி வால்வின் வாயை அடைக்கும். கமெராவின் கண்ணாடியில் தவிடு படிந்தால் நல்ல அரிசியையே கறுப்பென்று தட்டிவிடும்.

பிழை எங்கே என்பதைக் கண்டுபிடிப்பதற்குப் பொறுக்கிப் பழகிய கண் வேண்டும். தகட்டின் ஒரே கீற்றில் (அரிசி வழுக்கி வரும் ஒரு தடத்தில்) மட்டும் கறுப்பரிசி தப்பி வந்தால் அந்தக் கீற்றின் வால்வு அடைத்திருக்கிறது. தள்ளிய அரிசியில் நல்லது நிறைய இருந்தால் கண்ணாடி அழுக்கு, அல்லது உணர்வுநிலையை அளவுக்கு மீறிக் கூட்டியிருக்கிறார்கள். அரை மணிக்கு ஒரு தடவை 100 கிராம் எடுத்துப் பரப்பி, எத்தனை கறுப்பு, எத்தனை மஞ்சள், எத்தனை குறுணல் என்று எண்ணி எழுத ஓர் ஆள் இருந்தால் மட்டுமே இவை நேரத்துக்குத் தெரியும். இதை முதலாளியிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பத்துப் பேர் இருந்த இடத்தில் முறைக்கு ஒருவர்தான் அதற்குத் தேவை என்பது உண்மை. அந்த ஒருவர் வெளியிலிருந்து வருவதைவிட ஒன்பது வருடம் அரிசி பார்த்தவராக இருப்பதே ஆலைக்கும் நல்லது. உரிமைக் கணக்கை விட்டுக்கொடுத்து இந்த வேலையை வாங்காதீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பேசுங்கள்.

கல்லடி, உயர்தர மாணவி: மெஷின் எடுக்க முடியாத ஒரு படிப்பைச் சொல்லுங்கள்.

அப்படி ஒன்றின் பெயரை எழுதினால் உங்களை ஏமாற்றியவர்கள் ஆவோம், தங்கச்சி. ஒரு தொழிலின் பெயரைப் பார்க்காமல் அந்தத் தொழிலில் ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே மாதிரியான இடத்தில், ஒரே மாதிரியான பொருளை, ஒரே மாதிரிச் செய்வது எவ்வளவோ அவ்வளவுக்கு அது போகும். வீட்டுக்கு வீடு மாறும் மின்கம்பி, குளிரூட்டி, சூரிய மின்தகடு திருத்துவது, நோயாளியைத் தூக்கித் திருப்புவது போன்றவை மெதுவாகத்தான் மாறும். மின்வேலையில் பெண்கள் இங்கே குறைவு. தடை இருப்பது பழக்கத்தில்தான், படிப்பில் இல்லை.

மருதமுனை, நெசவாளர்: கைத்தறியை விற்றுவிட்டு மின்தறி வாங்கலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஒரு சாரன் 2 மீற்றர், அங்குலத்துக்கு 60 ஊடை (குறுக்கிழை) என்று வையுங்கள். மொத்தம் ஏறத்தாழ 4,740 ஊடை. கைத்தறியில் நிமிடத்துக்கு 50 போட்டால் 95 நிமிடம். மின்தறியில் நிமிடத்துக்கு 140 என்றால் 34 நிமிடம். நூல் அறுந்து நிற்கும் நேரம் இரண்டிலும் சேர்க்கவில்லை. மின்தறிக் கொட்டிலில் ஒருவர் நான்கு தறியைப் பார்ப்பார். அப்போது ஓர் ஆளுக்கு ஒரு சாரன் எட்டரை நிமிடம். ஒற்றை மின்தறி வாங்கிய நீங்கள் அந்த நான்கு தறிக்காரரோடும், இறக்குமதித் துணியோடும் ஒரே விலையில் மோத வேண்டும். கைத்தறியும் கையில் இருக்காது.

வேறொரு கணக்கு இருக்கிறது. உங்கள் நாளில் எவ்வளவு நேரம் உண்மையில் ஊடை போடுகிறீர்கள், எவ்வளவு நேரம் பாவு (நெடுக்கிழை) ஓடுவதிலும் இழை பிணைப்பதிலும் தார் (ஊடை நூல் சுற்றும் சிறு குழல்) சுற்றுவதிலும் போகிறது என்று ஒரு கிழமை எழுதிப் பாருங்கள். தார் சுற்றும் இராட்டையில் ஒரு பழைய தையல் மெஷின் மோட்டரைப் பூட்டினால் வீட்டில் இருப்பவர்களின் கைவலி போகும், தறி தாருக்காகக் காத்து நிற்காது. கால் மிதியால் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். தொடக்கத்தில் வேகமாக இழுத்தால் நூல் அறும், தளர்வாகச் சுற்றினால் நாடாவுக்குள் (ஊடையைக் கொண்டு ஓடும் தறிக் கருவிக்குள்) தார் குலைந்து ஊடை தொங்கும். மோட்டருக்குக் கட்டாயம் எர்த் கொடுங்கள், ஈரத் தரையில் இருந்து சுற்றுகிறவர்கள் பலர்.

மின்தறி ஒரே வடிவத்தை நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடினால்தான் கட்டுபடியாகும். ஒரு கலியாணத்துக்கு ஆறு சாறி, ஒரு பாடசாலைக்கு முப்பது சாரன், கரை மட்டும் வேறு நிறம் என்ற ஓடர் அதற்குத் தொல்லை. உங்களுக்கு அதுதான் வேலை. பாவு நீளத்தைக் குறைத்து, இப்படிப்பட்ட ஓடர்களுக்கு முன்பணம் வாங்கிச் செய்யுங்கள்.

கல்முனை, தட்டச்சுக் கடை நடத்துபவர்: கையால் எழுதிக் கொண்டுவருவதைத் தட்டச்சு செய்வதும் மொழிபெயர்ப்பதும் என் தொழில். இப்போது எல்லோரும் போனிலேயே படம் எடுத்து எழுத்தாக்குகிறார்கள். கடையை மூடவா?

பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தட்டச்சுக் காசு குறைந்துகொண்டே போகும். ஆனால் உங்களிடம் வருகிறவர் கேட்பது எழுத்தை இல்லை, அலுவலகம் திருப்பி அனுப்பாத ஒரு கடிதத்தை. விலையை அங்கே வையுங்கள்.

போன் செய்யும் பிழைகள் குறிப்பிட்ட இடங்களில்தான் வரும், அவற்றை மட்டும் தேடிப் பார்க்கப் பழகினால் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். கையெழுத்தில் ள, ன இரண்டையும் மாற்றும். சொல்லிப் பதிந்தால் ல, ள, ழ மூன்றையும் குழப்பும். பழைய பாமினி எழுத்துருக் கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி விழும். கொ, கோ, கௌ வரும் சொற்களைத் தனியாகத் தேடுங்கள். 03/04 என்ற திகதியில் எது மாதம் என்று ஊகித்துவிடும். மொழிபெயர்ப்பில் இலங்கை வழக்கை விட்டுவிட்டு உயர்தரத்தை "மேம்பட்ட நிலை" என்று எழுதக்கூடும். ஆட்பெயர்தான் மிக ஆபத்தானது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் ஆங்கில எழுத்துக் கூட்டியிருக்கும் ஒருவருக்கு மெஷின் மூன்றாவதாக ஒன்றைத் தரும். அடையாள அட்டையை வாங்கி எழுத்து எழுத்தாக ஒப்பிடாமல் எந்தப் பக்கத்தையும் அச்சிடாதீர்கள்.

சான்றிதழ், உறுதி, நீதிமன்ற ஆவணங்களுக்குச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். பிழைக்குப் பொறுப்பேற்கிற ஒரு மனிதரைத்தான் சட்டம் கேட்கிறது. சிங்களமோ ஆங்கிலமோ உங்களுக்கு நன்றாக வருமானால் அதற்குத் தகுதி பெறும் வழியைப் பாருங்கள். அதுவரைக்கும் கிட்டிய ஒரு மொழிபெயர்ப்பாளரோடு பேசி, வரைவை நீங்கள் திருத்திக் கொடுக்க அவர் சரிபார்த்து ஒப்பமிடும்படி ஏற்பாடு செய்யலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: வாடிக்கையாளரின் ஆவணத்தை இலவச இணையத் தளங்களில் ஏற்ற முன்னர் அவரிடம் கேளுங்கள். காணி உறுதியும் மருத்துவ அறிக்கையும் உங்கள் மேசையை விட்டு எங்கே போகின்றன என்பதை அறிய அவருக்கு உரிமை இருக்கிறது.